இன்னும் மூன்று ஃபேன் போட்டால் சரியாகுமா, மாமா?

போன ஏப்ரலில், திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால், என் அக்கா மகன் தானே பூட்டிய கணினியைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். மின்தூக்கி இல்லாத ரங்கூன் வீடு. பாகம் பாகமாகத் தேடி வாங்க மூன்று மாதம் ஆயிற்றாம். விளையாட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் பிராசசரின் சூடு 95 டிகிரியைத் தொடுகிறது. படம் திக்கித் திணறுகிறது. "இன்னும் மூன்று ஃபேன் போட்டால் சரியாகுமா, மாமா?" என்றான்.

கூலரைக் கழற்றிப் பார்த்தேன். பிராசசரின் மேல் உட்காரும் செம்புத் தகட்டில், கடையிலிருந்து வந்தபடியே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பொருத்துவதற்கு முன் உரிக்கவும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். பையன் அந்த எழுத்தின் மீதே வெப்பம் கடத்தும் பசையைத் தடவித் திருகை முடுக்கியிருக்கிறான். தாளை உரித்து, துடைத்து, புதுப் பசை வைத்துப் பூட்டினேன். 95 இறங்கி 84இல் நின்றது. ஃபேன் எதுவும் வாங்கவில்லை. இந்தத் தவறை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். எந்த வயதில் என்பதை அவனிடம் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அவனுக்குத் திருப்தி இல்லை. "இதே கூலருக்கு யூடியூபில் 68 காட்டினார்களே?"

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அந்த 68ஐ எடுத்தவருடைய அறை 22 டிகிரியில் இருந்திருக்கும். அன்று என் வீட்டுக் கூடத்தில் சுவர் வெப்பமானி 36 காட்டியது. ஏப்ரலில் ரங்கூனின் பகல் உச்சம் சராசரியாகவே 37ஐ ஒட்டித்தான் இருக்கும். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும், தண்ணீர்க் கூலரும்தான், அறைக்காற்றை விடக் கீழே சூட்டை இறக்க முடியாது. அது கட்டுப்படுத்துவதெல்லாம் அறைக்காற்றுக்கு மேல் ஏறும் டிகிரிகளை மட்டுமே. 68இலிருந்து 22 போனால் 46. அந்த 46ஐ நம் 36உடன் கூட்டினால் 82. பையனின் 84 அதிலிருந்து இரண்டு டிகிரிதான் தள்ளி நிற்கிறது. கூலர் தன் வேலையைச் செய்கிறது. வெயில் தன் வேலையைச் செய்கிறது. வெளிநாட்டு எண்ணைப் பார்த்து அடுத்தடுத்துக் கூலர் வாங்குகிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் எத்தனையோ கியாட் மிச்சமாகும். காற்று உள்ளே போகும் வாயருகே ஒரு வெப்பமானியை வைத்து, அதற்கு மேல் எத்தனை ஏறுகிறது என்று குறித்து வையுங்கள். அந்த எண் மாதாமாதம் கூடினால்தான் ஏதோ கோளாறு என்று பொருள்.

84ஐக் கண்டு அஞ்சவும் வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான பிராசசர்கள் 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல பிராசசர்களுக்கு வரம்பு 100. வரம்பை எட்டினால் அவை தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகா. வெக்கையில் உண்மையாகத் தேய்வது பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் போன்றவைதாம். சுற்றியுள்ள சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பழைய கணக்கு. ஆகவே பிராசசரின் எண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, பவர் சப்ளையின் மூச்சை அடைத்து வைப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. அது காற்றை இழுப்பது பெரும்பாலும் பெட்டியின் அடியிலிருந்து. பெட்டியைத் தரையில் பாய்மேல் வைத்திருந்தால் உடனே தூக்கி ஒரு பலகையின் மேல் வையுங்கள்.

இனி, யாரும் முதலில் செய்யாத, ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலை: சூட்டைப் பிறந்த இடத்திலேயே குறைப்பது. 105 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும் ரைசன், நெருக்கடி நேரத்தில் 142 வாட் வரை இழுக்கும். கணினி எழும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில், மின்இழுப்பைக் கட்டுப்படுத்தும் 65 வாட் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்தால் அது 88 வாட்டில் அடங்கிவிடும். விளையாட்டில் வேக இழப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பையும் நூற்றுக்கு எண்பதாக இறக்கலாம். மின்சாரம் முறைவைத்து வந்துபோகும் ஊரில் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். இதற்குக் காசு செலவில்லை; அதனாலேயோ என்னவோ ஒருவரும் மதிப்பதில்லை.

வாட்டைப் பற்றி இன்னொன்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறார். 400 வாட் இழுக்கும் கணினி என்றால் அறைக்குள் நான்கு விருந்தாளிகள் வந்து அமர்ந்ததற்குச் சமம். நம் நகர்ப்புற வீடுகளோ ரயில் பெட்டிபோல் நீண்டு, இரு முனையில் மட்டும் சன்னல் வைத்தவை. நடு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினால், கணினி தான் விட்ட மூச்சையே தானே திரும்ப இழுக்கும். மேசைக்கடியில் கதவுபோட்ட மர அலமாரிக்குள் அதை வைப்பது இதே தவறின் சின்ன வடிவம்.

ஃபேன்களைத் திசைமாற்றிப் பூட்டுவது அடுத்தது. ஃபேனின் இரு பக்கங்களில், குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். ஐயமாக இருந்தால் பூசை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, பெட்டியின் முன்புறம் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புகை நேராக உள்ளே போக வேண்டும். பின்புறம் பிடித்தால் விலகி ஓட வேண்டும். முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள: பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு இது போதும். அதற்கு மேல் எத்தனை சேர்த்தாலும் ஓரிரு டிகிரி இறங்கும், இரைச்சல்தான் கூடும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதை விடச் சற்று அதிகமாக இருந்தால், வடிகட்டி இல்லாத சந்துகளின் வழியே தூசி நுழையாது. ஊதுபத்தி என்றதும் நினைவுக்கு வருகிறது: கணினியைச் சாமி படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து ஃபேன் இதழ்களில் தார்போல் படிந்துவிடும். சமையலறை எண்ணெய்ப் புகையும் அப்படியே.

பக்கக் கதவைத் திறந்து போடுகிறவர்கள் இன்னொரு கட்சி. மேசை ஃபேனைத் திருப்பி வைத்தால் சூடு சில டிகிரி இறங்கவும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் காற்று ஓடும் பாதை கலைந்துவிடும். தூசிக்கு வாசல் திறந்துவிடும். தெரிந்தவர் ஒருவரின் கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டைகளை எடுத்தேன். வெதுவெதுப்பான இடம், பாவம், அது வேறெங்கே போகும்? தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மதர்போர்டில் விழுந்தால் என்ன என்று எழுதியவர் இல்லை.

பசைக்கு வருவோம். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலும் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. பசை அந்தக் காற்றை விட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும், ஆனால் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும், மெல்லியதாக. நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். கூலரை ஒரு முறை தூக்கிவிட்டால் பழைய பசையைத் துடைத்துப் புதிது வைக்க வேண்டும். திருகுகளை ஒரே மூலையில் இறுக்கிவிடாமல், எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 வகைக் கணினியில் கூலரை நேராகப் பிடுங்கினால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். சற்று நேரம் ஓடவிட்டு, மின்னிணைப்பைத் துண்டித்து, பசை இளகிய சூட்டோடு லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பசை கிடைக்காத நாளில், பர்மியர்கள் மரப்பட்டையை அரைத்து எடுக்கும் தனக்காவைத் தடவினால் என்ன என்று கேட்டவரும் உண்டு. தனக்கா முகத்துக்கு.

தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: பம்பு அந்தச் சுற்றின் மிக உயரமான இடமாக இருக்கக் கூடாது, காற்றுக்குமிழி அங்கே போய் நிற்கும்.

மின்சாரம் திடீரென்று போனால் ஃபேன் நின்று பிராசசர் வெந்துவிடுமே என்று கவலைப்படுகிறார்கள். மின்சாரம் இல்லையென்றால் சூடும் பிறப்பதில்லை. மிச்ச வெப்பத்தைக் கூலரின் உலோகமே வாங்கிக்கொள்ளும். அஞ்ச வேண்டியது வேறு. சூலை மாத இரவு, ஏசி 20 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறது, கணினி அணைந்து கிடக்கிறது. மின்சாரம் போகிறது, சன்னலைத் திறக்கிறீர்கள், மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. குளிர்ந்த கண்ணாடிமேல் பனிக்கிற அதே நீர் கணினிக்குள் இருக்கும் உலோகத்தின் மேலும் பனிக்கும். 'மீ லாப்யி', மின்சாரம் வந்துவிட்டது, என்று தெரு முழுக்க ஆரவாரம் கேட்டதும் பாய்ந்து பொத்தானை அழுத்தாமல், பெட்டி அறைச்சூட்டுக்கு வரும் வரை ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு இந்த ஆபத்து இல்லை, அதன் உள்ளுறுப்புகள் அறையை விடச் சூடாகவே இருக்கும்.

தூசி தட்டுவதை மார்ச்சுக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். நவம்பரிலிருந்து மழை இல்லாமல் சேர்ந்த தூசி அப்போது உலர்ந்தே இருக்கும், ஊதினால் பறந்துவிடும். மழை தொடங்கிவிட்டால் களிம்பாகி ஒட்டிக்கொள்ளும். மின்னிணைப்பைத் துண்டித்து, பால்கனிக்கு எடுத்துப் போய், ஒரு விரலால் ஃபேன் இதழை அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள்; கட்டுக்கடங்காமல் சுழலவிட்டால் பேரிங் தேயும். வீட்டு வேக்குவம் கிளீனர் முனையை மதர்போர்டின் அருகே கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் தாவும்.

பையனின் கணினியில் ஈகோ மோடு வைத்து, பின்புற ஃபேனைத் திசைமாற்றிப் பூட்டி, நடு அறையிலிருந்து தெருப்பக்கச் சன்னலருகே நகர்த்தியதும் 84 இறங்கி 76 ஆயிற்று. மே மாதக் கடைசியில் அழைத்தான். குரலில் ஒரே உற்சாகம்.

"மாமா, இப்போது 67தான்!"

"என்ன செய்தாய்?"

"ஒன்றுமே செய்யவில்லை. காலையிலிருந்து மழை."