தோட்டப்புற இடைநிலைப்பள்ளியில் ஓவியம் கற்பிப்பது எப்படி

நான்காம் படிவ (பதினாறு வயது) மாணவர்களிடம் முதல் வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, விரும்பிய இயற்கைக் காட்சியை வரையச் சொன்னால், பெரும்பாலும் ஒரே படம்தான் திரும்பி வரும். இரண்டு மலைகள், அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் சாய்ந்த தென்னை, பக்கத்தில் ஓர் ஓலைக் குடிசை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் வளரும் பிள்ளையின் வீடோ தாமான் எனப்படும் குடியிருப்பில் உள்ள வரிசை வீடு; அவன் ஏறும் பள்ளிப் பேருந்து கடந்து வருவது எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம்; கிழக்கே நாள்தோறும் அவனுக்குத் தெரிவது தித்திவங்சா மலைத்தொடர். இவற்றில் ஒன்றுகூடத் தாளுக்கு வருவதில்லை. இதைத் திறமைக் குறைவு என்று கொள்ளக் கூடாது. சிறு வயதில் மனத்தில் பதிந்த ஓர் அச்சைக் கை மறுபடியும் வரைகிறது, கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே, தூரிகைப் பயிற்சியையும் வண்ணக் கோட்பாட்டையும் சற்றுத் தள்ளிவைத்து, முதல் பருவம் முழுவதையும் பார்ப்பதற்குப் பழக்குவதில் செலவிடுவதே தோட்டப்புறப் பள்ளி ஆசிரியருக்கு நான் கூறக்கூடிய வழி.

மாணவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதைவிடச் சோதித்துக் காட்டுவது எளிது. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால்வெட்டும் கோடு எந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்று கேட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி பால்வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுவார்கள். மரத்தை நேரே நின்று பார்க்கும்போது அந்தக் கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருக்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும் வகையில் அப்படி வெட்டுகிறார்கள். விடையைச் சொல்லிவிட வேண்டாம். ஊர் ஓரத்தில் சிறு தோட்டக்காரர்களிடம் இன்னும் பால்மரங்கள் உண்டு. மறுவாரம் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி அனுப்புங்கள்.

பென்சில் மட்டும்

முதல் ஆறு வாரங்களுக்கு 2பி, 6பி பென்சில்கள் இரண்டு போதும். அழிப்பானை ஆசிரியர் மேசையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தவறான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டை வரையப் பழகிய மாணவன் எங்கே பிசகினான் என்பதைத் தானே காண்பான். அழித்து அழித்து வரைபவனுக்கு அந்தத் தடயம் கிடைக்காது.

முதல் பயிற்சி, தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டே வரைவது. கண் நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகர வேண்டும். முள் வரிசையுடைய செம்பனை மட்டையின் அடிப்பகுதி இதற்கு மிகவும் ஏற்றது. ஒரே மாதிரி வளைவு அதில் இரண்டு இடத்தில் இருக்காது என்பதால் மனப்பாடமாக வரைய வழியில்லை. படம் கோணலாக வரும், வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். இரண்டாவது பயிற்சி, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரைவது: நாற்காலியின் கால்களுக்கு இடையிலும், ஓலைக் கீற்றுகளுக்கு இடையிலும் தெரியும் துண்டு வானம். வெற்றிடத்துக்கு மனத்தில் அச்சு ஏதும் இல்லாததால், மாணவன் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. மூன்றாவது பயிற்சியாகப் பென்சிலைக் கொண்டு அளவெடுப்பதைக் காட்டுங்கள். கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட வேண்டும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும் என்பதை மட்டும் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று கவனியுங்கள்.

இவற்றுக்குப் பிறகு, பால்மரத்தில் கட்டும் மங்கு என்ற கிண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். பால் பிடிக்கும் அந்தச் சிறு கிண்ணத்தில் ஓராண்டுப் பாடம் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம். மூன்று மங்குகளை எடுத்து, ஒன்றைத் தரையிலும், ஒன்றை நாற்காலியிலும், ஒன்றை அலமாரியின் மேல் கண் உயரத்திலும் வையுங்கள். தரையில் உள்ளதன் வாய் ஏறக்குறைய வட்டமாகத் தெரியும். நாற்காலியில் உள்ளது ஒடுங்கிய நீள்வட்டம். கண் உயரத்தில் உள்ளது வெறும் கோடு. இருந்தும் வாய் வட்டம் என்று மனத்துக்குத் தெரிந்திருப்பதால், மாணவன் மூன்றுக்கும் ஒரே வாயைப் போடுவான். அதன் இரு ஓரங்களும் மீனின் உடலைப் போல் கூராக முடியும். நீள்வட்டத்துக்கு எங்கும் கூர்முனை இல்லை, ஓரத்திலும் கோடு திரும்பித்தான் செல்கிறது. "தம்பி, இந்த ஓரத்தில் ஓர் எறும்பு நடந்தால் முட்டி நிற்குமா, வளைந்து போகுமா?" என்று கேட்டால் போதும். "வளைந்து போகும், சார்" என்று சொல்லிக்கொண்டே கையைத் திருத்திக்கொள்வான். பழைய மங்கின் உள்விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலின் கிழிசலையும் வரையச் சொல்லுங்கள்.

நிரையும் தொலைவும்

தொலைவில் செல்லச் செல்லப் பொருள்கள் சிறுத்துக் குவிவதைக் காட்டும் தொலைநோக்கைக் கற்பிக்கப் பலர் அடிக்கோலில் தொடங்கி, பெட்டிகளையும் ரயில் பாதையையும் வரையச் சொல்கிறார்கள். செம்பனை நிரைக்குள் நிற்கும் வாய்ப்புள்ள ஊரில் இது வீண். தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்று, காலணி அணிவித்து, மாணவர்களை ஓரத்துச் செம்மண் சாலைவரை அழைத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைய வேண்டியதில்லை. செம்பனை பொதுவாக ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்படுகிறது. ஓர் எக்டருக்கு 136 முதல் 148 மரங்கள்வரை நிற்கும். முக்கோண அமைப்பு என்பதால் ஓரிடத்தில் நின்று தலையைத் திருப்பினால் நிரைகள் ஒரு திசையில் மட்டுமன்றி மூன்று திசைகளில் திறப்பதைக் காணலாம். ஒவ்வொரு திறப்பும் ஒரு புள்ளியில் குவிகிறது, அந்தப் புள்ளிகள் அனைத்தும் பார்ப்பவரின் கண்மட்டக் கோட்டிலேயே அமைகின்றன. சமதளத்தில் மாணவனை உட்கார வைத்தால் அந்தக் கோடும் அவனோடு கீழே இறங்குகிறது. நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று என இரண்டு சிறு வரைபடங்களை அங்கேயே போடச் செய்தால், பலகையில் விளக்கிப் பல வாரம் புரியாத பாடம் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

மரத்தை அண்மையில் பார்க்கும்போது வேறொரு பாடமும் கிடைக்கிறது. வெட்டப்பட்ட மட்டைகளின் அடித்தண்டுகள் உடற்பகுதியைச் சுற்றிச் சுருள் சுருளாக ஏறுகின்றன. ஒரு பக்கமாக ஏறும் எட்டுச் சுருள்கள் தெளிவாகத் தெரியும். முதலில் சுருள்களை மெல்லிய கோடுகளாக வரைந்துவிட்டு, பிறகு அவற்றின்மேல் தண்டுகளை அமர்த்தினால் மரத்துக்கு உருட்சி வரும். தண்டு தண்டாக அடுக்கினால் மரம் தட்டையாகிவிடும்.

தொலைவு மங்குவதைக் காட்ட மலைத்தொடர் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் எழுவதால், மலை உள்விவரம் இல்லாத சாம்பல் நீல வெட்டுருவமாகத் தெரியும். பிற்பகலில் மேற்கு வெளிச்சம் விழும்போது அதே மலையில் மடிப்புகளும் காட்டின் பச்சையும் வெளிப்படும். இரண்டு வேளையும் வரைந்து பக்கத்தில் பக்கமாக ஒட்டச் சொல்லுங்கள்.

ஒளி நிழலை வகுப்பறையில் கற்பிப்பதில் ஒரு தொல்லை உண்டு. நமது பள்ளிக் கட்டடங்களில் இரு புறமும் சன்னல் இருப்பதால், பொருளுக்கு இரண்டு மூன்று நிழல்கள் விழுந்து மாணவன் குழம்புவான். ஒரு பக்கத்தைப் பழைய பதாகைத் துணியால் மறைத்துவிடுங்கள். வெளியே வரைவதானால் நண்பகலையொட்டிய நேரத்தைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இங்கே சூரியன் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்பதால் நிழல் பொருளின் காலடியில் ஒளிந்துகொள்ளும். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும்தான் உருவத்துக்குத் திரட்சி தரும் நிழல் கிடைக்கும்.

பச்சை

வண்ணத்துக்கு வரும்போது முதலில் செய்ய வேண்டியது, பச்சைக் குழாயையும் கறுப்புக் குழாயையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவது. அம்மன் கோயில் கோபுரத்தின் பளிச்சென்ற எனாமல் வண்ணங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வண்ணத்தின்மேல் அச்சமில்லை. அது அவர்களுடைய செல்வம், அதைக் கெடுத்துவிடக் கூடாது. ஆனால் குழாயிலிருந்து வரும் பச்சையை அப்படியே இலைக்கும் புல்லுக்கும் மலைக்கும் பூசும் பழக்கம், சுற்றிலும் பச்சையே உள்ள ஊரில் ஓவியத்தைச் செத்துப்போகச் செய்துவிடும்.

லெமன் எல்லோ, அல்ட்ராமரீன் நீலம், கிரிம்சன், பர்ன்ட் சியன்னா ஆகிய நான்கை மட்டும் கொடுங்கள். மஞ்சளையும் நீலத்தையும் வெவ்வேறு அளவில் கலந்து பன்னிரண்டு பச்சைகளை ஓர் அட்டையில் கட்டங்களாகப் பூசி, அவற்றில் பாதியில் துளி கிரிம்சனோ பர்ன்ட் சியன்னாவோ சேர்த்து மட்டுப்படுத்தச் சொல்லுங்கள். பின்னர் சாம்பல்நிற அட்டையில் விரல்நகம் அளவுக்கு ஒரு துளையிட்டு, அதன் வழியே செம்பனை ஓலையைப் பார்க்கச் செய்யுங்கள். துளைக்குள் தெரியும்போது அது ஓலையாக இல்லாமல் வெறும் நிறமாகிவிடுகிறது. மேற்புறத்தில் வானத்தின் வெளிச்சம் படும் ஓலை நீலம் கலந்த சாம்பலாகவும், வெயில் ஊடுருவி வரும் ஓலை எலுமிச்சை மஞ்சளுக்கு அருகிலும், நிழலில் உள்ளது ஏறக்குறைய ஊதாவாகவும் இருப்பதை மாணவர்கள் தாமே கண்டு வாய்விட்டுச் சொல்வார்கள். கறுப்பு வேண்டும் என்று கேட்பவர்களிடம் அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்து காட்டுங்கள். கறுப்புக்கு நெருங்கிய ஆழமான இருள் அதில் கிடைக்கும். அடுத்த பருவத்தில் கறுப்பைத் திருப்பித் தரும்போது, அதை மஞ்சளோடு கலந்தால் அருமையான ஆலிவ் பச்சை வரும் என்பதைக் காட்டித் தரலாம்.

செம்பனைக் குலையும் இவ்வாறே. அதைச் சிவப்பு உருண்டையாக வரைவார்கள். ஒரு பழத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள்: நுனி கரு ஊதா, நடுவில் செம்மை, குலைக்குள் மறைந்திருந்த அடிப்பகுதி ஆரஞ்சு மஞ்சள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும்போது செம்பும் பழுப்புமாக மாறும் இலைகளையும், பின்னர் வெண்கல நிறத்தில் துளிர்க்கும் கொழுந்துகளையும் வெம்மை வண்ணப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

செம்மண்ணிலிருந்து வண்ணம் செய்வதற்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குவது தகும். உலர்ந்த செம்மண்ணை இடித்து, துணியில் சலித்து, நீரில் கலக்கி ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்கும்; மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து இரவு முழுவதும் வைத்தால் நுண்ணிய வண்டல் படியும். அதை உலர்த்தி, நீரில் ஊறவைத்த கம் அராபிக் பிசினோடு கண்ணாடித் துண்டின்மேல் அரைத்தால் நல்ல நீர்வண்ணம் தயார். அதற்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலில் வெளுக்காது. கடையில் வாங்கும் பர்ன்ட் சியன்னாவும் அடிப்படையில் இதே வகை மண்தான் என்று அறியும்போது, குழாய் வாங்க வசதியில்லாத மாணவனின் முகம் மாறுவதைக் காணலாம்.

நம் காற்றின் ஈரத்தை மறக்க வேண்டாம். பிற்பகல் மழைக்கு முன் பூசிய வண்ணம் எளிதில் காயாது. ஈரத்தின்மேல் பூசிக் கலக்கிவிடுவதே மாணவர் படங்கள் சேறாவதற்கு முதற்காரணம். இரண்டு தாள்களை மாற்றி மாற்றி வரையச் சொன்னால் இது தீரும். நீர்வண்ணம் காய்ந்ததும் ஒரு படி வெளிறும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஈரத் தட்டை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கைபேசிப் படமும் விமர்சனமும்

நடிகர் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்து வாட்ஸ்அப்பில் பாராட்டு வாங்கும் மாணவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனை மட்டந்தட்ட வேண்டாம். பொறுமையும் பென்சில் அழுத்தமும் அவனுக்கு வந்திருக்கின்றன. ஆனால் கட்டம் கண்ணுக்குப் பதிலாக வேலை செய்துவிடுகிறது என்பதே என் கருத்து. அதே மாணவனைத் தன் பாட்டியை எதிரே உட்காரவைத்து இருபது நிமிடத்தில் வரைந்துவரச் சொல்லுங்கள்.

பார்த்துப் பழக, பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென்னின் நீர்வண்ணங்களைக் காட்டலாம். தாளின் வெண்மையை ஒளியாக விட்டுவைப்பதை அவரிடம் கற்கலாம். லத்தீஃப் மொகிதினின் 1960களின் பாகோ பாகோ வரிசையில் செடியும் கோபுரமும் ஒரே உருவாவதைக் காணலாம். தமிழகத்து அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, மலேசிய ஓவியராகப் புகழ்பெற்ற சையத் தாஜுதீனின் படங்களில் அஜந்தாவின் கோடு இந்நாட்டு வண்ணத்தோடு சேர்கிறது. கோலாலம்பூரில் 1958-இல் நிறுவப்பட்ட தேசியக் கலைக்கூடத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லுங்கள், அச்சுப் படத்தில் தூரிகைத் தடம் தெரியாது.

விமர்சன வகுப்பில் எல்லாப் படங்களையும் பெயர் மறைத்துக் கயிற்றில் துணிக் கவ்விகளால் தொங்கவிடுங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற சொல்லை ஆசிரியரும் மாணவரும் தவிர்த்து, கண் முதலில் எங்கே செல்கிறது, எந்த இடம் பார்த்து வரையப்பட்டது, எந்த இடம் பழக்கத்தில் வரையப்பட்டது என்று மட்டும் பேச வேண்டும். மாணவனின் தாளில் ஆசிரியர் ஒருபோதும் கோடு போடக் கூடாது. காட்ட வேண்டியதை வேறு துண்டுத்தாளில் காட்டுங்கள். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஃபோலியோவுக்கு (படத் தொகுப்புக்கு) செல்லும் படம் எதுவாயினும், வரைந்த இடம், நாள், மணி, வெளிச்சம் வந்த திசை ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன நிழலைத் திருத்த, அதே நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிச் செல்ல அந்தக் குறிப்பு வேண்டும்.