ஊரில் படித்ததை முதலில் கணக்கில் ஏற்றுங்கள், ஓசாப் பிறகு: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோவில் வந்து இறங்கிய கையோடு பலரும் கேட்பது, "ஓசாப் எப்போ போடலாம்?" என்றுதான். ஓசாப் என்பது ஒன்ராறியோ மாணவர்களுக்கான அரசு நிதியுதவி. அதை இரண்டாவதாகக் கேளுங்கள். ஊரில் நீங்களோ பிள்ளையோ படித்ததில் எத்தனை கிரெடிட்டை (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) இங்கே ஏற்பார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். ஒரு பாடம் ஏற்கப்பட்டால் அதன் கட்டணமும் மிச்சம், அதற்காக வாங்கவேண்டிய கடனும் மிச்சம். கடனை வாங்கிவிட்டுப் படித்த பாடத்தையே திரும்பப் படிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் தொடங்குவோம். ஒன்ராறியோ டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணிநேரப் படிப்பு, சித்தியடைய 50 புள்ளி போதும். இதோடு 40 மணிநேரத் தொண்டும் எழுத்தறிவுத் தேர்வும் உண்டு. இடையில் வந்து சேரும் பிள்ளை ஒன்றிலிருந்து எண்ணத் தேவையில்லை. ஊரில் முடித்த வகுப்புகளைப் பார்த்து, அதற்கு ஈடான கிரெடிட்டை பள்ளி அதிபர் (தலைமையாசிரியர்) வழங்குவார். அதனால் சாதாரண தரச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டோ மட்டும் போதாது. கடைசி இரண்டு மூன்று வருடத் தவணை அறிக்கைகளையும் கையில் வைத்திருங்கள். ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளையை ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்பில் போட்டால் மனம் சுருங்க வேண்டாம். கட்டாய ஆங்கிலக் கிரெடிட் நான்கில் மூன்று வரை அந்த வகுப்புகளாலேயே நிரம்பும். நான்காவது மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

பெற்றோர் கட்டாயம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, பாடக் குறியீடு. உதாரணத்துக்கு 'ஈ.என்.ஜி.4யூ'. முதல் மூன்று எழுத்து பாடம், இங்கே ஆங்கிலம். 4 என்றால் பன்னிரண்டாம் வகுப்பு (1 ஒன்பதாம் வகுப்பு, 2 பத்து, இப்படி). கடைசி எழுத்தில்தான் எதிர்காலம் இருக்கிறது. யூ என்றால் பல்கலைக்கழகத்துக்கு, சி என்றால் கல்லூரிக்கு, எம் என்றால் இரண்டுக்கும். இங்கே பல்கலைக்கழகம் போக, பன்னிரண்டாம் வகுப்பில் யூ அல்லது எம் பாடங்கள் ஆறு வேண்டும். பிள்ளை 90 புள்ளி வாங்கி வந்து காட்டும்போது புள்ளியைப் பாராட்டுங்கள், கண்ணை அந்தக் கடைசி எழுத்திலும் வையுங்கள். கணக்கில் சி வகைப் பாடம் எடுத்த பிள்ளை பொறியியலுக்கு விண்ணப்பிக்க நினைத்தால் யூ பாடத்தை எடுத்து முடித்தாக வேண்டும், அதற்குள் ஒரு வருடம் போய்விடலாம். பாடத் தெரிவுப் படிவம் வரும் நாளில் பள்ளியின் வழிகாட்டல் ஆசிரியரிடம் ஒரு நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே அது தொந்தரவு இல்லை, அவர்களுடைய வேலையே அதுதான்.

இன்னொன்று: பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் பாடத்தைப் பாதியில் விடுவதற்குக் கெடு உண்டு. நடுத்தவணை அறிக்கை வந்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் விட்டால் பதிவாகாது. அதற்குப் பிறகு விட்டால், விட்டது அப்போதைய புள்ளியோடு பதிவேட்டில் ஏறிவிடும்.

தமிழையும் கிரெடிட்டாக எடுக்கலாம் என்பது புதிதாக வந்த பலருக்குத் தெரிவதில்லை. ரொறன்ரோப் பகுதிக் கல்விச் சபைகள் சனிக்கிழமைகளில் சர்வதேச மொழி வகுப்பு நடத்துகின்றன, அது அந்த 30இல் சேரும். ஊரில் எட்டாம் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இதைவிட லாபமான சனிக்கிழமை வேறு கிடையாது. ஆனால் காசு கட்டினால் ஆறு வாரத்தில் 95 புள்ளி என்று விளம்பரம் செய்யும் தனியார் வகுப்புகளைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு அந்தப் புள்ளியின் வண்டவாளம் தெரியும்.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவுத் திட்டத்தில் வந்தவர்கள் 'வெஸ்' போன்ற, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களில் ஏற்கெனவே மதிப்பீடு எடுத்திருப்பீர்கள். குடிவரவுக்காக எடுத்தது பெரும்பாலும் உங்கள் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று மட்டுமே சொல்லும். கல்லூரியோ பல்கலைக்கழகமோ கேட்பது பாடவாரி மதிப்பீடு. அதில்தான் ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டும் தரமும் இருக்கும். கூடுதல் கட்டணம் கட்டி அதையும் எடுக்கலாம். இதற்குத் தேவையான ஆவணங்களை, இந்தியாவில் படித்தவர்கள் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் கேட்க வேண்டும். இலங்கையில் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகப் பதிவாளர், ஓ/எல், ஏ/எல்லுக்குப் பரீட்சைத் திணைக்களம். இன்னும் ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்தால், படித்த பாடங்களின் விரிவான பாடத்திட்டத்தையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். கிரெடிட் தருவதா இல்லையா என்று பார்ப்பவர் பாடத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார், உள்ளே என்ன படித்தீர்கள் என்று கேட்பார்.

எண்களை ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் பட்டத்துக்கு 20 கிரெடிட். யோர்க் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் பட்டத்துக்கு 120. இரண்டுமே நான்கு வருடப் படிப்புத்தான். "எனக்கு அங்கே 30 கிரெடிட் தந்தார்கள்" என்று யாராவது சொன்னால், எத்தனையில் 30 என்று கேளுங்கள்.

மின்வேலை, வாகனத் திருத்தம் தெரிந்தவர்கள் முதலாம் வருடப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தொழில் சான்றிதழ் வழங்கும் 'ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ'வில் ஊர் அனுபவத்தைக் காட்டி மதிப்பீடு கேட்கலாம். ஏற்றுக்கொண்டால் நேரே தகுதித் தேர்வு எழுதலாம். பழைய முதலாளியிடமிருந்து, செய்த வேலையையும் மணிநேரத்தையும் குறித்த கடிதம் வேண்டும். அதுதான் பலருக்குத் தலைவலி.

இனி ஓசாப். குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தர வதிவுரிமை) உள்ளவர்களும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். அகதி வழக்கு முடியாதவர்களுக்கும் சர்வதேச மாணவர்களுக்கும் கிடையாது. ஒரே விண்ணப்பத்தில் மானியமும் கடனும் சேர்ந்து வரும். மானியத்தைத் திருப்பித் தர வேண்டாம். கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரலிலிருந்து வட்டி இல்லை, மாகாணப் பங்குக்கு உண்டு. எவ்வளவு கிடைக்கும் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அதனால் வருமானமே இல்லாவிட்டாலும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

ஓசாப் முழுநேர மாணவர் என்று கொள்வது, முழுப் பாடச்சுமையில் குறைந்தது 60 சதவீதம் எடுப்பவரை. ஒரு தவணைக்கு ஐந்து பாடம் என்று வையுங்கள். இரண்டை விட்டால் 60, தப்பித்தீர்கள். மூன்றை விட்டால் 40, முழுநேரத் தகுதி போய்விடும், வாங்கிய மானியம் கடனாக மாறலாம். பகுதிநேர வேலைக்கு நேரம் போதவில்லை என்று பாடத்தை விடும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. விடுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"எங்களிடம் சேர்ந்தால் ஓசாப் கிடைக்கும்" என்று அழைக்கிற தனியார் தொழிற்கல்லூரிகள் உண்டு. ஓசாப் கிடைப்பது உண்மையாகவே இருக்கலாம். அங்கே வாங்கும் கிரெடிட்டை நாளை அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஏற்குமா என்பது வேறு விஷயம். போக நினைக்கும் அடுத்த இடத்துக்கே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள், சேர்க்கை முகவரைக் கேட்காதீர்கள்.

ஓசாப் போதாதபோது வங்கியின் மாணவர் கடன் வசதிதான் வழி. இதற்கு உங்கள் கிரெடிட் வரலாறு (பாடக் கிரெடிட் அல்ல, கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டிய பதிவு) வேண்டும், வந்து ஆறு மாதத்தில் அது யாரிடம் இருக்கிறது? அதனால் வங்கி கூட்டுக் கையெழுத்துக் கேட்கும். மச்சானோ சித்தப்பாவோ கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் அவர் பெயரிலும் நிற்கும். நீங்கள் ஒரு மாதம் தவறினால், அவர் வீடு வாங்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். சொந்தமாக வரலாறு கட்ட, வைப்புப் பணம் வைத்து ஒரு சிறிய கடனட்டை எடுங்கள். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பாவிக்காமல், கடைசித் தேதிக்கு முன் முழுவதையும் கட்டுங்கள். சீட்டுப் பிடித்துக் கட்டணம் கட்டுகிறவர்களும் நம்மிடையே உண்டு. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினாலும் அது கடன் வரலாற்றைப் பதியும் ஈக்விஃபாக்ஸிலும் டிரான்ஸ்யூனியனிலும் ஏறாது, சீட்டுக்காரர் கைவிரித்தால் வசூலிப்பது பெரும்பாடு.

மருத்துவர், தாதி, பொறியியலாளர், கணக்காளர் என்று வந்தவர்கள் உரிமத் தேர்வுக்கும் பயிற்சிக்கும் பணம் தேடினால் 'விண்ட்மில்' என்ற தொண்டு நிறுவனத்தைப் பாருங்கள். கனடாவில் கிரெடிட் வரலாறு இல்லாதவர்களுக்கும் 15,000 டொலர் வரை குறைந்த வட்டியில் தருகிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குச் சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்) எடுத்ததும் ஆர்.ஈ.எஸ்.பி. என்ற கல்விச் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிடுங்கள். வருடம் 2,500 டொலர் போட்டால் அரசு 20 சதவீதம், அதாவது 500 டொலர் சேர்க்கும். மொத்தத்தில் ஒரு பிள்ளைக்கு 7,200 வரை. போடப் பணம் இல்லை என்றாலும் திறக்க வேண்டும், ஏனென்றால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு 'லேர்னிங் பொண்ட்' என்று முதலில் 500, பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 100 என 2,000 டொலர் வரை அரசே போடும், உங்கள் கையிலிருந்து ஒரு சதமும் வேண்டாம். இதை வங்கிக்குப் போய்த் திறக்கலாம். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே கூட்டு ஆர்.ஈ.எஸ்.பி. திட்டம் விற்கும் முகவரிடம் கையெழுத்துப் போடும் முன், சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, ஒரு வருடம் கட்டமுடியாமல் நின்றால் கட்டியது என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள்.