சென்னையில் பைன்கோன் மீன் வளர்க்க

பைன்கோன் என்னும் இந்தக் கடல்மீனுக்கு முதல் செலவு, தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான். ஏசி அறையை மட்டும் நம்பினால், மே மாத வெயிலில் தொட்டி சூடாகிவிடும். 300 லிட்டர் தொட்டி, 20–22 டிகிரி, உப்புநீரின் ஒப்படர்த்தி (specific gravity) 1.025. சில்லரின் அனல்காற்றை ஜன்னல் வழியே வெளியேற்றுங்கள். அறைக்குள்ளேயே சுற்றினால் மெஷின் ஓயாமல் ஓடியும் டிகிரி இறங்காது.

பாறைக் குகையும் மங்கலான விளக்கும் போதும். கவசச் செதில் இறுகியதால் நீச்சல் மந்தம். சுறுசுறுப்பான மீன்களோடு விட்டால் பட்டினிதான். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் சொல்லிவைத்து வாங்கினாலும், கடைத்தொட்டியிலேயே இரை தின்கிறதா என்று பாருங்கள். விளக்கணைத்த பிறகு உயிருள்ள சிற்றிறால் போடுங்கள். பிறகு உறைந்த இறாலை இடுக்கியில் பிடித்து வாயருகே ஆட்டிப் பழக்கலாம்.

கீழ்த்தாடையின் இருபுறமும் ஒளிர்வது உள்ளே வாழும் பாக்டீரியா. தொட்டியில் கண்டபடி ஆன்டிபயாடிக் ஊற்றினால் அந்த விளக்கும் அணையலாம்.