பெனால்டியைக் கோட்டை விடாமல் அடிக்க

1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலியின் பாஜியோ உதைத்த பெனால்டிப் பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. அதற்கு முன்பே அவர் அணியின் பரேசியும் மசாரோவும் கோட்டை விட்டிருந்தார்கள். இத்தாலி தோற்ற பழி என்னவோ பாஜியோ தலையில்தான்!

பழகுவதற்குத் தெருக் காற்பந்துத் திடலின் சின்ன கோல் உதவாது. 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரமுள்ள முழு கோல் வேண்டும். கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் அளந்து பந்தை வையுங்கள்.

எந்த மூலை என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஓடும்போது மனம் மாறினால் கால் தடுமாறும். ஊன்றுகால், அதாவது உதைக்காத கால், பந்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அது பின்தங்கினால் உடம்பு பின்னால் சாயும், பாதம் பந்துக்கு அடியில் நுழையும், பந்து வானம் பார்க்கும். விசில் கேட்டதும் பாயாதீர்கள். ஒரு மூச்சை முழுதாக விட்டுவிட்டு ஓடுங்கள்.

தனியாக நின்று 50 பந்து அடிப்பதில் பெரிய பயனில்லை. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது, நடுக்கோட்டிலிருந்து நடந்து வந்து ஆளுக்கு ஒன்றே ஒன்று அடியுங்கள். சுற்றி நிற்பவர்கள் கூச்சல் போடட்டும். தவறவிட்டவர் கோப்பிக்கடையில் எல்லாருக்கும் தே தாரிக் வாங்க வேண்டும். மழை விட்ட மாலையென்றால், ஊன்றுகால் பதியும் இடத்தை முதலில் மிதித்துப் பாருங்கள்.