வீட்டுக் கருவிப்பெட்டிக்கு முதலில் எதை வாங்கலாம்?

கடைகளில் ஐம்பது, நூறு கருவிகள் அடங்கிய தொகுப்புகள் மலிவாகக் கிடைத்தாலும், அன்றாட வேலைக்குத் தேவையான சிலவற்றை மட்டும் தரமான எஃகில் தனித்தனியாக வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

அவற்றில் முதன்மையானது ஸ்க்ரூ டிரைவர். வீட்டில் காணப்படும் பெரும்பாலான நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களுக்கு 2-ஆம் எண் பிலிப்ஸ் முனையே பொருந்தும். சிறிய முனையைக் கொண்டு சமாளிக்க முயன்றால் பள்ளம் தேய்ந்து, பிறகு அந்த ஸ்க்ரூவைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். ஜப்பானிய இருசக்கர வாகனங்களில் உள்ளவை பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், அவை ஜே.ஐ.எஸ். என்னும் வேறு தர அளவில் அமைந்தவையாதலால், அதற்கேற்ற முனை வேண்டும்.

ஸ்பேனரைப் பொறுத்தவரை, திறந்த வாய் கொண்டது போல்ட்டின் இரு பக்கங்களை மட்டுமே பிடிக்க, ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிப்பதால், துருப்பிடித்த போல்ட்டை அதைக் கொண்டே தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் வாங்குவதானால், ஒரு முனை 10 மி.மீ., மறுமுனை 11 மி.மீ. கொண்ட 10-11 அளவை வாங்குங்கள். எம்6, அதாவது 6 மி.மீ. தடிமன் கொண்ட போல்ட்டின் தலை பொதுவாக 10 மி.மீ. தான். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில், அசையும் தாடையின் பக்கமாகவே கைப்பிடியைத் திருப்ப வேண்டும்; அப்போதுதான் முக்கிய விசையை நிலையான தாடை தாங்கும்.

கட்டிங் பிளேயர் 8 அங்குலத்தில் இருந்தால் போதும். அதைக் கொண்டு நட்டுகளைத் திருகுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதன் பற்கள் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.