டைமிங் பெல்ட்: பார்ப்பது, கணக்கு வைப்பது, மாற்றுவது

காரில் தேய்ந்துபோகும் பாகங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே சத்தம் போட்டுவிடும். பிரேக் பேட் கீச்சிடும், வீல் பேரிங் உறுமும், பேட்டரி சில நாள் முனகிவிட்டுத்தான் படுக்கும். டைமிங் பெல்ட்டுக்கு அந்த நாகரிகம் பெரும்பாலும் கிடையாது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று நடுரோட்டில் நிற்கும். என்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றினால் வால்வுகள் வளைந்து கிடக்கும். ஆகவே "ஏதாவது தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வழக்கமான சமாதானம் இந்தப் பாகத்துக்கு மட்டும் செல்லாது.

முதலில், இது என்ன செய்கிறது?

என்ஜினின் அடியில் பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். மேலே ஹெட்டில் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். இரண்டையும் பிணைக்கிற, பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேம் சக்கரத்தில் பற்கள் இரண்டு மடங்கு இருக்கும். 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த 25 முறையும் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதோடு பொருந்தியாக வேண்டும்.

கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஒரே ஒரு பல் தாண்டினாலும் 18 டிகிரி பிசகிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடும். ஆனால் இழுவை இருக்காது, ஐட்லிங்கில் நடுங்கும், செக் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனர் மாட்டினால் கிராங்கும் கேமும் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016 போன்ற பிழைக் குறியீடு வரலாம்.

பெல்ட் அறுந்தே போனால் என்ன ஆகும் என்பது என்ஜினின் வடிவமைப்பைப் பொறுத்தது. சில என்ஜின்களில் முழுதாகத் திறந்த வால்வுக்கும் உச்சியில் இருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இன்டர்ஃபியரன்ஸ் என்ஜின் என்பவற்றில் அந்த இடைவெளி இல்லை. கேம் நின்றுவிடும், கிராங்க் ஓடிய வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், திறந்தபடி நின்ற வால்வை பிஸ்டன் வந்து மோதும். டீசல் என்ஜின்கள் அநேகமாக எல்லாமே இந்த ரகம். பெட்ரோலிலும் இன்றைக்கு ஓடுபவற்றில் மிகப் பல இப்படித்தான். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் இன்டர்ஃபியரன்ஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெல்ட்டா, செயினா?

எல்லா வண்டியிலும் டைமிங் பெல்ட் இருக்காது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் பல் பெல்ட்டைக் கொண்டுவரும் வரை இந்த வேலையைப் பெரும்பாலும் செயினும் கியரும்தான் செய்துவந்தன. பெல்ட்டில் சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயில் தேவையில்லை, செலவும் கம்மி. அதனால் வேகமாகப் பரவியது. இப்போது பல நிறுவனங்கள் மறுபடி செயினுக்குத் திரும்பியிருக்கின்றன.

வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றும் கிலோமீட்டர் அதில் இருந்தால் பெல்ட். பானட்டைத் திறந்தும் ஊகிக்கலாம்: என்ஜினின் ஓரத்தில் சிறிய போல்ட்டுகளால் பிடித்த பிளாஸ்டிக் மூடி இருந்தால் உள்ளே பெல்ட் இருக்க வாய்ப்பு அதிகம். சீலன்ட் போட்டு இறுக்கிய உலோக மூடி என்றால் செயின்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபோர்டின் ஆரம்பகால 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட், பியூஜோவின் 1.2 லிட்டர் பியூர்டெக் போன்ற என்ஜின்களில் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். இவற்றுக்கு என்ஜின் ஆயிலின் தரக்குறியீடு உயிர்நாடி. தவறான ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலோ ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துகள் ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். இனி வரும் படிகள் சாதாரண, உலர்ந்த பெல்ட்டுக்கானவை.

வெளியே தெரிகிற, ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றும் பெல்ட் வேறு. ஃபேன் பெல்ட் என்று பழக்கத்தில் சொல்லும் அதை மாற்றிவிட்டு, "பெல்ட் மாற்றியாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. பில்லில் எந்த பெல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 2: கிலோமீட்டரும் வருடமும்

மாற்ற வேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் வேறுபடும். பொதுவாக 60,000 கிலோமீட்டரிலிருந்து 1,60,000 கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கும். அதோடு ஒரு வருடக் கணக்கும் உண்டு, பல மாடல்களில் 5 முதல் 10 வருடம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. கிலோமீட்டரை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். எட்டு வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் பெல்ட் புதிது மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தூசி, கடும் வெயில், நீண்ட நேரம் ஐட்லிங்கில் நிற்கும் ஓட்டம் என்றால் கடுமையான பயன்பாட்டுக்கான அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்புத்தகத்தில் அது பெரும்பாலும் தனியாக இருக்கும். பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், பெல்ட் மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே பொருள். வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

படி 3: மூடியைத் திறந்து பார்ப்பது

இதைப் புதியவர்கள் தாராளமாகச் செய்யலாம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். தளர்வான சட்டைக் கையை மடித்துவிடுங்கள். மேல் மூடியின் போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் 10 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மூடிக்குள் ஒன்று விழுந்துவிட்டால் அதை எடுக்கும் வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட்டின் முதுகு மங்கலான கறுப்பாக இருப்பது நல்லது. கண்ணாடி மாதிரி பளபளத்தால் ரப்பர் இறுகிவிட்டது என்று பொருள். ஓரத்தில் நூல் பிரிந்து நின்றால் ஏதோ ஒரு சக்கரம் கோணலாக ஓடுகிறது. பல்லின் அடிவாரத்தில் விரிசல், பல் உதிர்ந்த இடம், ஈரம் ஆகியவற்றையும் தேடுங்கள். ஈரம் தெரிந்தால் விரலால் தொட்டு மோந்து பாருங்கள். வழவழவென்று ஆயில் என்றால் கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் ஒழுகுகிறது. இனிப்பு வாசனையோடு நிறம் கலந்த தண்ணீர் என்றால் கூலன்ட், அநேகமாக வாட்டர் பம்ப். ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துவிட்டு ஓட்டுவது வேலைக்காகாது. கசிவைச் சரிசெய்து புது பெல்ட்தான் போட வேண்டும்.

மேலே தெரிவது பெல்ட்டின் ஒரு துண்டுதான். மீதியைப் பார்க்க கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் வைத்து, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் அது கடிகார முள் திசை. சில பழைய ஹோண்டா என்ஜின்களில் நேர்மாறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுலபமாகச் சுற்றும். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றாதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள். பெல்ட்டில் தொய்வு விழுந்து பல் தாண்டிவிடும்.

இவ்வளவு பார்த்தும் குறை ஒன்றும் தெரியவில்லை என்றால்? கெடு தாண்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் மூப்பில் வெடிப்பு விட்டுக் காட்டின. இப்போது பெரும்பாலும் வருகிற எச்என்பிஆர் ரப்பர் கடைசி வரை முதுகில் சுருக்கம் காட்டாமலே இருக்கும். பலத்தைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழை. அது நைந்திருப்பது வெளியே தெரியாது.

படி 4: மாற்றும் வேலை எப்படி நடக்கும்

முதல் தடவையே தனியாக இறங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் நிற்கட்டும், அல்லது அவர் செய்வதை நீங்கள் நின்று பாருங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவாவது வரிசை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

பெல்ட்டை மட்டும் வாங்காமல் கிட்டாக வாங்குங்கள். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனர், அதன் பாதையைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப்பை ஓட்டுவதும் இதே பெல்ட் என்றால் அந்தப் பம்ப்பும் சேர்த்து. அறுந்த பெல்ட்டுகளில் பலவற்றுக்கு பெல்ட்டே காரணம் இல்லை. பேரிங் இறுகிய ஒரு டென்ஷனரோ, சிக்கிய பம்ப்போதான் அதைக் கிழித்திருக்கும். இவற்றை மாற்ற பின்னாளில் மறுபடி இதே அளவு கழற்ற வேண்டிவரும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வெளி பெல்ட்டை எடுத்து, பல வண்டிகளில் என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்க மவுன்டிங்கையும் விலக்க வேண்டும். பிறகு முதல் சிலிண்டரை டிடிசிக்கு, அதாவது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கும் முடியும் ஒரு சுழற்சியில் கிராங்க் சக்கரத்தின் மார்க் இரண்டு முறை பொருந்தும், கேம் மார்க் ஒரு முறைதான். ஆகவே கிராங்க் சரியாக நிற்கிறது, கேம் மார்க் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று கொடுங்கள். மார்க்குகள் மங்கலாக இருந்தால் ஒயிட்னரால் சக்கரத்திலும் பக்கத்து உலோகத்திலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கிராங்க் போல்ட் பல என்ஜின்களில் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கியிருக்கும். அதைத் தளர்த்த, கிராங்கைப் பிடித்துக்கொள்ளும் கருவியைப் பயன்படுத்துங்கள். சக்கரங்கள் நகராமலிருக்கச் செருகும் டைமிங் லாக் பின்னைத் தாங்கலாக வைத்துப் போல்ட்டை அசைத்தால் பின் வளையும், அல்லது ஹெட் உடையும். அது சக்கரத்தின் இடத்தைக் காட்டத்தான், பலம் தாங்க இல்லை.

டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை எடுத்த பிறகு கேமையும் கிராங்கையும் தனித்தனியாகச் சுற்றவே கூடாது. புது பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது என்ஜின் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். பெல்ட்டை மடிக்கவோ, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பவோ, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றவோ வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஒரு தடவை கூர்மையாக மடிந்தால் அங்கேயே நையத் தொடங்கும். கிராங்கில் ஆரம்பித்து, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக வைத்துக் கேம் வரை கொண்டுபோய், தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் விழும்படி மாட்டுங்கள். டென்ஷனை மேனுவல் சொல்லும் முறையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். சிலவற்றில் முள்ளை ஒரு குறிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும், சிலவற்றில் ஹைட்ராலிக் டென்ஷனரின் ஊசியை இழுத்தால் போதும்.

இனி யாரும் தாண்டிப்போகக் கூடாத கட்டம். லாக் பின்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி டிடிசிக்குக் கொண்டுவாருங்கள். எல்லா மார்க்கும் திரும்பப் பொருந்த வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தட்டினால் அழுத்தாதீர்கள், அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடமாக இருக்கலாம். அரைப் பல் பிசகு மாதிரி தெரிந்தாலும் அவிழ்த்து மீண்டும் மாட்டுங்கள். கையால் சுற்றும்போது தட்டினால் வால்வு பிழைத்துக்கொள்ளும். செல்ஃப் அடித்துத் தெரிந்துகொண்டால் பிழைக்காது.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று மேனுவல் சொல்லும் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

ஓடும்போது அறுந்துவிட்டால்

என்ஜின் பட்டென்று நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வரும். கூடாது. தெரியாமல் செல்ஃப் அடித்துவிட்டால், வழக்கமான திணறல் இல்லாமல் விர்ரென்று வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்கும்; கம்ப்ரஷன் இல்லை என்பதற்கான அடையாளம் அது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். இழுத்துப் போக வண்டி கூப்பிடுங்கள்.

சில்லறைச் சந்தேகங்கள்

கீச்சிடுகிறது என்று பெல்ட் ஸ்ப்ரே அடிக்கலாமா? டைமிங் பெல்ட்டில் எதையும் அடிக்கக் கூடாது. கீச்சுச் சத்தம் பெரும்பாலும் வெளி பெல்ட்டிலிருந்துதான் வரும்.

என்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா? டைமிங் மூடியின் இடுக்கில் நேராக அடிக்காதீர்கள்.

கழற்றிய பழைய பெல்ட்டை அவசரத்துக்கு டிக்கியில் போட்டு வைக்கலாமா? வேண்டாம். ஒருமுறை ஓடிய பெல்ட்டை, அது ஐயாயிரம் கிலோமீட்டரே ஓடியிருந்தாலும், திரும்ப மாட்டுவதில்லை. ஆனால் மெக்கானிக்கிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஆயில் பட்டிருக்கிறது என்று தெரியும். பார்த்த பிறகு வெட்டிப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.