மீனுக்குக் காயம் என்றால் கல்லை என்ன செய்வது?

தொட்டியில் ஒரு மீன் அடிபட்டுவிட்டால் பலருக்கும் உடனே கை போவது அடியில் கிடக்கும் கல்லுக்குத்தான். அழுக்கால் புண் சீழ் பிடித்துவிடுமோ என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது: கல்லிடுக்கில் தேங்கும் கழிவிலும் மிச்சத் தீவனத்திலும் கிருமிகள் பெருகும். ஆனால் புதிதாக மீன் வளர்ப்பவர்கள் அதற்குச் செய்யும் வைத்தியம், ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே கோளாறுதான். சோப்பு போடக் கூடாது என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லி அனுப்பியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

மொத்தக் கல்லையும் வாரிக் கழுவுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. சென்னை கொளத்தூரில் ஒரு ஜோடி ஆஸ்கர் மீன் வாங்கிய மாணவர் ஒருவர், சண்டையில் ஒன்றின் துடுப்பு கிழிந்ததும் கல் முழுவதையும் வாளியில் அள்ளி, குழாயடியில் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துப் போட்டார். தொட்டி பளிங்குபோல் இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கி, இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன. கிழிந்த துடுப்பு வளர்ந்திருக்கும். செத்த மீனுக்கு அது எதற்கு?

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல. கல்லின் மேலும் பில்டர் பஞ்சிலும் வழவழப்பான படலமாக ஒட்டியிருப்பவை. குழாய்நீரின் குளோரின், வெந்நீர், வெயில் எல்லாமே அவற்றைக் கொல்லும். கல்லுக்கு அடியில் தட்டு பில்டர் வைத்திருப்பவருக்கு அந்தக் கல்தான் பில்டரே. படலம் மறுபடி உருவாக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும்.

நல்ல மீனே திணறும் இந்த நிலையில் காயம்பட்டது எப்படித் தாங்கும்? நன்னீர் மீனின் உடலில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். செதிலும் சளிப்படலமும் போன இடத்தில் நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்க, உப்பு வெளியேறும். அந்தப் போராட்டத்தின் நடுவே அம்மோனியா செவுளையும் எரிக்கிறது. கடின நீர் ஊர்க்காரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: அங்கே பெரும்பாலும் நீரின் காரத்தன்மையும் கூடுதல். அதைக் காட்டும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவ அம்மோனியா ஏறத்தாழ 10 மடங்காகிறது.

முடிந்தால் அடிபட்ட மீனைப் பழைய தொட்டித் தண்ணீரோடும் ஓடிக்கொண்டிருந்த பஞ்சு பில்டரோடும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், அடி அழுக்கைத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாய் போதும். அகன்ற வாயைக் கல்லுக்குள் அழுத்தினால் கற்கள் குழாய்க்குள் எழும்பிச் சுழலும், பழுப்பு அழுக்கு மட்டும் மேலேறும். நீர் தெளிந்ததும் குழாயை விரலால் நசுக்கினால் கற்கள் விழுந்துவிடும். அடுத்த இடத்துக்கு நகருங்கள். தரைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீரில் கால் பங்கு, அத்தோடு நிறுத்துங்கள். மிச்சம் அடுத்த வாரம். கல்லைச் சுத்தம் செய்யும் நாளில் பில்டர் பஞ்சைத் தொடவே வேண்டாம்.

மீன் படுத்திருக்கும் மூலையில் தொடங்குவது

துடுப்பு கிழிந்த மீன் விலகி ஓடாது. எதிர் மூலையில் தொடங்குங்கள்.

கறுத்த மணலைக் கிளறுவது

நெடுநாள் தொடாத தடித்த அடுக்கில் கறுப்புத் திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. மீன்களை வெளியேற்றிய பிறகே கை வையுங்கள்.

கழுவிய கையோடு மருந்து ஊற்றுவது

மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால், காப்பாற்றி வைத்த பாக்டீரியாவுக்கே ஆபத்து. அது தனித் தொட்டிக்கானது. கல் உப்பு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் போதும். கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி வகை மீன் இருந்தால் உப்பிலும் நிதானம் தேவை.

வெறும் கை

சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். விரலில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி அந்தக் கீறல் வழியே புகுந்து, எளிதில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், அவர் வேறெதற்கோ களிம்பு எழுதித் தருவார். நீங்களும் மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பீர்கள்.